'நல்லா இருக்கேன் டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்த பிறகு: கிராண்ட் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி

உடம்பு முடியாதவர்களுக்கு தென்னாப்பிரிக்க அரசு மாதா மாதம் கொடுக்கும் உதவித்தொகைக்கு, அதாவது கிராண்டுக்கு, நான் முதல்முறை எழுதிப் போட்டபோது மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். வெளியே கிளம்பினால் ஒழுங்காகக் கிளம்ப வேண்டும் என்று மாமியார் சொல்லிச் சொல்லிப் பழகிய வீடு எங்களுடையது. இருந்ததிலேயே நல்ல பஞ்சாபி செட்டைப் போட்டுக்கொண்டு, தலை பின்னி, பொட்டு வைத்துக்கொண்டு போனேன். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கேன் டாக்டர் என்றேன். வீட்டு வேலையெல்லாம் செய்வீர்களா என்றார். சமாளிச்சுக்கிறேன் என்றேன். அந்தத் தலையை வாரிப் பின்னிவிட்டது என் மகள், சுரிதார் நாடாவைக் கட்டிவிட்டதும் அவள்தான். அது டாக்டருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதை அவர் எழுதினார், கிராண்ட் கிடைக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவள் நான், வீடு சாட்ஸ்வொர்த்தில். 11 வருடம் துணித் தொழிற்சாலையில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். அப்புறம் முடக்குவாதம் வந்து விரல்கள் வீங்கி வளைந்துவிட்டன. மேல்முறையீட்டை ஒருமுறை கடந்து வந்தவள் என்பதால் தெருவில் யாருக்காவது மறுப்புக் கடிதம் வந்தால் என்னிடம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். வக்கீல் இல்லை நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், உங்கள் கையில் இருப்பது உண்மையில் மறுப்புக் கடிதமா என்று பாருங்கள். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சாசா (SASSA), அதாவது தென்னாப்பிரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை, கொடுக்கும் இந்த கிராண்ட் இரண்டு வகை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வேலை செய்ய முடியாது என்று தெரிந்தால் தற்காலிகம், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் நிரந்தரம். தற்காலிக கிராண்ட் அதன் காலம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். அது மறுப்பு இல்லை, அதற்கு மேல்முறையீடும் வேண்டாம், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு மாமா பணம் நின்றுபோன கோபத்தில் நாலு மாதம் எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அந்த நாலு மாதத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாம்.

மறுப்புதான் என்றால், காரணம் என்ன என்று படியுங்கள். காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும், அது உங்கள் உரிமை. வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு முதலில் ஒரு 'சாவுபோனா' சொல்லிவிட்டுக் கேளுங்கள், இந்த ஊரில் வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, மருத்துவக் காரணம், அதாவது வேலை செய்ய முடியாத அளவுக்கு இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு, வருமானமும் சொத்தும் வரம்பைத் தாண்டுகிறது. கல்யாணம் ஆனவர் என்றால் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், ஆனால் நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்தில் சேர்ப்பதில்லை. மூன்று, காகிதக் குறை: அடையாள எண்ணில் தவறு, வயது 18-க்கும் 59-க்கும் இடையில் இல்லை, குடியுரிமைத் தாள் சரியில்லை என்று இப்படி. என்னைப் போல நிரந்தரக் குடியிருப்பு அனுமதியில் இருப்பவர்களும் அகதிகளும் விண்ணப்பிக்கலாம், குடியுரிமை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. 60 ஆகிவிட்டால் முதியோர் கிராண்ட், அது வேறு கதை.

வருமானக் காரணம் என்றால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை போன கடிதம் என்று காட்டினால் பெரும்பாலும் விஷயம் தெளிவாகிவிடும். காகிதக் குறையும் அப்படியே. மருத்துவக் காரணம்தான் கஷ்டம், மீதிக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கடிதத்தைப் படித்த அன்றைக்கே காலண்டரை எடுங்கள். முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 90 நாள், இதுதான் கெடு. சமூக உதவிச் சட்டம் 2004, பிரிவு 18. தபாலில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைத் தேதி உதவும். செல்போனில் வந்திருந்தால் திரையைப் படம் பிடித்து வையுங்கள். 90 நாள் என்று கேட்டவுடன் நிறைய இருக்கிறது என்று தோன்றும். உடம்பு முடியாதவளுக்கு 90 நாள் என்பது பாதி நாள் படுக்கை, மீதியில் கிளினிக் வரிசை. நான் 60-வது நாளைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, அதுதான் கடைசி என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். கெடு தாண்டிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், தாமதத்தை மன்னித்து ஏற்கும்படி காரணத்தோடு கேட்கலாம். மருத்துவமனையில் படுத்திருந்தீர்கள் என்றால் அந்தச் சேர்க்கைத் தாளை இணையுங்கள்.

யாரிடம் மேல்முறையீடு? சமூக உதவி மேல்முறையீடுகளுக்கென்று தனியாக ஒரு சுதந்திரத் தீர்ப்பாயம் இருக்கிறது. சமூக மேம்பாட்டு அமைச்சரின் கீழ் அமைந்தது, சாசாவின் ஒரு பிரிவு இல்லை. மருத்துவ விஷயம் என்றால் ஒரு வக்கீல், ஒரு டாக்டர், பொதுமக்கள் தரப்பில் ஒருவர் என்று குழு உட்கார்ந்து பார்க்கும். முன்பெல்லாம் முதலில் சாசாவிடமே மறுபரிசீலனை கேட்டுவிட்டுத்தான் அங்கே போக வேண்டியிருந்தது, 2020 சட்டத் திருத்தம் அந்தப் படியை எடுத்துவிட்டது. பழைய ஆலோசனைத் தாள்களில் அந்தப் படி இன்னும் இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம். மேல்முறையீட்டுப் படிவத்தை சாசா அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் கிடையாது. அலுவலக வாசலில் நின்றுகொண்டு 300 ராண்ட் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் நகர்ந்து போய்விடுங்கள். கிராண்ட் வரும் என்ற நம்பிக்கையில் மாஷோனிசாவிடம் (நம் ஊர் கந்துவட்டிக்காரன் மாதிரி) கடன் வாங்கி, வங்கி அட்டையை அவனிடம் அடகு வைப்பது அதைவிட மோசம்.

அடுத்து, மதிப்பீட்டு டாக்டர் எழுதிய படிவத்தின் நகலைக் கேளுங்கள். அவர் என்ன எழுதினார் என்று தெரியாமல் பதில் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. சும்மா கேட்டே கொடுத்துவிடலாம், இல்லையென்றால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் நகல் வந்தபிறகு மேல்முறையீடு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் 90 நாள் அதற்காக நின்று வழிவிடாது. நகல் வரவில்லை என்றால் கையில் இருப்பதை வைத்துப் போட்டுவிடுங்கள், கேட்டிருக்கிறேன், வரவில்லை என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். நோயின் பெயரை வைத்து யாரும் கிராண்ட் கொடுப்பதில்லை. சட்டம் கேட்பது ஒரே கேள்வி: உடல் அல்லது மனக் குறைபாட்டால், எந்த வேலையோ தொழிலோ செய்து தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இவரால் முடியாதா? எந்த வேலையும் என்பதைக் கவனியுங்கள். 'நான் தையல் வேலை செய்தேன், இப்போது தைக்க முடியாது' என்று எழுதினால் பாதிப் பதில்தான். மீதிப் பாதி, உட்கார்ந்து செய்யும் வேலை ஏன் முடியாது, கடையில் கல்லாவில் ஏன் உட்கார முடியாது என்பது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்களுக்கு மறுப்பு வருவதும் பெரும்பாலும் இதனால்தான். நோய் இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை, மருந்தில் அடங்கிவிடும், வேலை செய்யலாம் என்கிறார்கள். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? 'எனக்கு சுகர்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் 'எனக்கும்தான்' என்பார். கால் மரத்துப்போய் நின்றால் விழுந்துவிடுகிறேன், பார்வை மங்கி எழுத்து தெரியவில்லை, ஆறாத புண்ணுக்கு வாரம் மூன்று நாள் கட்டுப் போடப் போகிறேன், இதெல்லாம்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

நான் முதலில் எழுதியது இது: "எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. மிகவும் வலிக்கிறது. வேலை செய்ய முடியவில்லை. தயவு செய்து உதவுங்கள்." என் நாத்தனார் படித்துவிட்டு, "இதை யார் வேணும்னாலும் எழுதலாம் அண்ணி, ஒரு நாள் முழுக்க என்ன நடக்குதுன்னு எழுதுங்க" என்றாள். திரும்ப எழுதினேன். காலையில் கண் விழித்ததிலிருந்து விரல் மடங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. தண்ணீர்க் குழாயைத் திறக்க முடியாது, மகள் பள்ளிக்குப் போகுமுன் வாளியில் பிடித்து வைக்கிறாள். 15 நிமிடத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி பூட்டிக்கொள்கிறது, எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன், மறுநாள் முழுக்கக் குமட்டல், படுக்கை. காசு எண்ண வராது, நாணயம் கைநழுவுகிறது. படிப்பு பத்தாம் வகுப்பு, கம்ப்யூட்டர் தெரியாது, செய்த ஒரே வேலை ஓவர்லாக். இப்படி ஒன்றரைப் பக்கம். அழுகை ஒரு வரிகூட இல்லை, தேவையும் படவில்லை.

இதற்கு முன்னால் ஒரு மாதம் நோட்டில் குறித்து வந்தால் எழுதுவது எளிது. பள்ளி நோட்டு போதும். தேதி, எத்தனை மணிக்கு எழுந்தேன், எதை ஆரம்பித்து எதை முடிக்கவில்லை, யார் உதவினார்கள், என்ன மாத்திரை, எத்தனை மணி நேரம் படுத்தேன். நாள்பட்ட நோயில் நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வரும், அதுதான் நம்மைக் கவிழ்ப்பது. பரிசோதனை நாள் நல்ல நாளாக அமைந்துவிட்டால் நம்மைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நோட்டில் நல்ல நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். 30 நாளில் 9 நாள் நன்றாக இருந்தேன், அந்த 9-ம் எப்போது வரும் என்று முந்தின நாள் இரவுவரை தெரியாது என்று எழுதினால், எந்த முதலாளி இவளை வேலைக்கு வைப்பான் என்று படிப்பவருக்கே தோன்றும். கூட்டியும் சொல்லாதீர்கள். காவடிக்குக் கோயிலுக்குப் போய் நின்றதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்று எழுதினால் மீதி உண்மையும் பொய்யாகிவிடும். போனேன், மகன் கைபிடித்துக் கூட்டிப்போனான், அடுத்த மூன்று நாள் எழவில்லை, இதை எழுதினால் போதும்.

அப்புறம் டாக்டர் கடிதம். உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அல்லது கிளினிக் நர்ஸ்தான் உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் நேரம் சில நிமிடம்தான். 'ஒரு லெட்டர் குடுங்க' என்று கேட்டால் 'இவர் முடக்குவாத நோயாளி, இங்கே சிகிச்சை பெறுகிறார்' என்று இரண்டு வரி வரும், அது எதற்கும் உதவாது. நான் ஒரு தாளில் கேள்விகளாகவே எழுதிக் கொண்டு போனேன்: எந்த வருடத்திலிருந்து இந்த நோய், என்ன மருந்து கொடுத்தும் எவ்வளவு அடங்கியது, எவ்வளவு நேரம் நிற்க, உட்கார, தூக்க முடியும், கையால் என்ன செய்ய முடியாது, இது ஆறு மாதத்துக்கு மேலா ஒரு வருடத்துக்கு மேலா, கிராண்டுக்கு விண்ணப்பித்த அந்த மாதத்தில் நிலைமை எப்படி இருந்தது. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் பேச்சு அன்றைய முடிவு சரியா தவறா என்பதைப் பற்றியது. அதற்குப் பிறகு நோய் முற்றியிருந்தால், மேல்முறையீட்டோடு நிறுத்தாமல் புதிய விண்ணப்பமும் போடலாமா என்று சாசாவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே அறிக்கை, மருந்து வாங்கிய கிளினிக் அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். அட்டையில் மாதா மாதம் முத்திரை இருப்பது நல்லது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் சரியாகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நாட்டு மருந்துக்காக நடுவில் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இடைவெளியை அவர் பார்க்கத்தான் போகிறார்.

பழைய முதலாளியிடமிருந்து ஒரு கடிதம், வீட்டில் உதவி செய்பவரிடமிருந்து ஒரு உறுதிமொழிப் பத்திரம், இரண்டும் கிடைத்தால் சேருங்கள். உறுதிமொழிப் பத்திரத்தைப் போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் சத்தியம் செய்து கையெழுத்திடலாம், நகல்களுக்குச் சான்று முத்திரையும் அங்கேயே போடுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதை அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு ஆயாவுக்கு பேரன் எழுதிய தாளில் ஆயா எப்போதோ விட்டுவிட்ட சமோசா வியாபாரத்தை இன்னும் செய்வதாக வந்திருந்தது, நல்லவேளை அனுப்புவதற்கு முன்னால் வாசித்தோம்.

எல்லாம் சேர்ந்ததும் பக்க எண் போட்டு, மேலே படிவம், பிறகு மறுப்புக் கடிதம், அடையாள அட்டை நகல், உங்கள் கடிதம், டாக்டர் கடிதம், மற்றவை என்று அடுக்குங்கள். மூலத்தாளை யாரிடமும் கொடுக்காதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள், வாங்கியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் கொடுத்தது கொடுக்காததற்குச் சமம். நடக்க முடியாதவர் என்றால் உங்கள் கடிதத்தோடும் டாக்டர் சீட்டோடும் வீட்டு ஆள் ஒருவர் உங்களுக்காகப் போகலாம். சந்தேகத்துக்கு சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

இனி காத்திருப்பு. தீர்ப்பாயம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலும் காகிதத்தை வைத்தே முடிவெடுப்பார்கள், அதனால்தான் இத்தனை எழுதச் சொன்னேன், வாயால் விளக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மறுபடி ஒரு டாக்டர் பார்க்க வேண்டும் என்று அழைத்தால் போங்கள், நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இரண்டாவது முறை எனக்கு அந்தக் கேள்வி வந்தபோது வாய் வரைக்கும் 'நல்லா' வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்று காலை என் மகள்தான் எனக்கு உடை மாட்டிவிட்டாள் என்றேன். கூச்சத்தில் காது சூடாகிவிட்டது.

அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? சாசாவிலேயே நெருக்கடி நிவாரணம் என்று ஒன்று உண்டு, உணவுப் பொட்டலமாகவோ சீட்டாகவோ பணமாகவோ, பொதுவாக மூன்று மாதம் வரைக்கும். யார் யாருக்கு என்று நிபந்தனை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இதையும் மாதம் 370 ராண்ட் உதவியையும் ஒன்று என்று நினைக்கிறார்கள், இரண்டின் பெயரிலும் நெருக்கடி நிவாரணம் (SRD) என்று வருவதால். 370 ராண்ட் என்பது 18 முதல் 59 வயது வரை போதிய வருமானமும் தங்களுக்கென்று வேறு கிராண்டும் இல்லாதவர்களுக்கு. வேலையில் இருந்தபோது சம்பளத்தில் யூஐஎஃப் (UIF, வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பிடித்திருந்தால் அதில் நோய்க்கால உதவி தனியாக இருக்கிறது. வேலையிடத்தில் அடிபட்டதற்கான நஷ்ட ஈடும் வேறு, அவற்றின் மேல்முறையீட்டு வழியும் வேறு.

தீர்ப்பாயமும் மறுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு, 180 நாளுக்குள். அதைத் தனியாகச் செய்ய நினைக்காதீர்கள். இலவச சட்ட உதவி தரும் லீகல் எய்டு எண் 0800 110 110, டர்பனில் லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பும் இருக்கிறது, கிராண்ட் விஷயங்களில் வெகுகாலமாகப் போராடிவரும் பிளாக் சாஷ் அமைப்பினரும் ஆலோசனை சொல்வார்கள்.

ஜெயித்துவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டு நிலுவை வரும். தொகை பெரிதாக ஒன்றும் இல்லை, 2025 ஏப்ரலில் மாதம் 2,310 ராண்ட், அக்டோபரில் இன்னொரு 10 ராண்ட் கூட்டினார்கள். எனக்கு வந்தது தற்காலிக கிராண்ட்தான், ஒரு வருடத்துக்கு. கடிதம் வந்த அன்றே அது முடியும் மாதத்தைக் காலண்டரில் பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு வட்டம் போட்டேன். விண்ணப்பத்தோடு வைக்கும் மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, அதனால் அதற்கு முன்னால் போய் வாங்கினால் வீண், ரொம்பத் தள்ளிப் போனால் நடுவில் ஒரு மாதம் பணம் இல்லாமல் போகும். நோட்டு அதே நோட்டுதான், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.